கரிசலில் அடித்த கூடாரம்

1854-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் படித்த மூன்று ஆங்கிலேயர்கள் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதிக்குக் கூடாரங்களோடு வந்தார்கள். தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து, டேவிட் ஃபென், ராபர்ட் ரஸ்ட் மெடோஸ் என்பன அவர்கள் பெயர்கள். இன்றைய கோவில்பட்டி, சிவகாசி, சங்கரன்கோவில் வட்டாரங்களைச் சேர்ந்த ஊர்களில் பங்களா கட்டாமல், ஓரிடத்தில் நிலையாகக் குடியேறாமல், ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்வது அவர்கள் திட்டம். சர்ச் மிஷனரி சங்கம் இதை வடநெல்லைச் சுற்றுப்பயண ஊழியம் என்ற கணக்கில் வைத்திருந்தது. மிஷன் வரலாற்று நூல்கள் இதைப் பெரும்பாலும் ராக்லாந்தின் தியாகக் கதையாகவே எழுதியிருக்கின்றன. அந்தத் தியாகம் உண்மைதான். ஆனால் ஒரு மிஷனரியின் வாழ்க்கை தியாகத்தால் மட்டும் ஆனதல்ல. விடிகாலையில் எழுவது, தண்ணீர் கிடைப்பது, குதிரைக்குப் புல் தேடுவது, மொழி பிடிபடாமல் திணறுவது, வந்து கேட்க ஆள் இல்லாமல் திரும்புவது என்று ஒரு முழு நாளும் அதற்குள் இருக்கிறது. அந்த நாளின் நிரலை வகுத்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஆளைப் பார்ப்போம். ராக்லாந்து 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். லிவர்பூலில் வணிக அலுவலகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்த பிறகே கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1841-ஆம் ஆண்டின் கணிதத் தேர்வில் நான்காவது இடத்தில் தேறினார். அந்நாளில் அந்த இடம் ஒருவரைப் பல்கலைக்கழகத்திலேயே வாழ்நாள் முழுதும் சௌகரியமாக இருத்தி வைக்கப் போதுமானது. அவரோ 1845-இல் சென்னைக்குக் கப்பலேறி, சங்கத்தின் செயலாளராகக் கணக்கும் கடிதமும் பார்த்தார். அந்த வேலையின் பொருட்டு நெல்லைக்குச் சென்றபோதுதான் ஒன்று அவர் கண்ணில் பட்டது. தெற்கே பனங்காட்டு ஊர்களில் சபைகள் நிறைந்திருந்தன. அங்கிருந்த மிஷனரிகள் பள்ளிக்கூடம், கோயில் கட்டுமானம், சபை வழக்கு என்று தங்கள் நிலையத்திலேயே கட்டுண்டு கிடந்தார்கள். வடக்கே கரிசல் ஊர்களை எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. அலுவலக நாற்காலியை விட்டுவிட்டு அங்கே போகத் துணிந்தபோது அவருக்கு வயது 39. உடன் வந்த ஃபென்னும் மெடோஸும் இளைஞர்கள். ஃபென்னின் தந்தை ஜோசப் ஃபென் கோட்டயத்தில் மிஷனரியாக இருந்தவர். மகன் வேறொரு கரையில் அதே வேலையை வேறு விதமாகத் தொடங்கினார்.

கோவில்பட்டிப் பக்கம் அன்று ரயில் கிடையாது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876-இல்தான். தென்னிந்தியாவின் முதல் ரயிலே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-இல்தான் புறப்பட்டது. ஆகவே சாமான் எல்லாம் மாட்டு வண்டியில் வந்தது. கரிசல் காட்டில் மாட்டு வண்டி என்பது கோடைக்கு ஒரு விஷயம், மழைக்கு முற்றிலும் வேறு விஷயம். ஐப்பசி மழை விழுந்த இரண்டாம் நாளே அந்த மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது; நடப்பவர் காலில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மண் சேரும். கோடையில் அதே நிலம் வெடித்து, கன்றுக்குட்டியின் கால் சிக்கும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். குதிரை ஏறிப் போகிறவர் கண்ணைத் தரையை விட்டு எடுக்க முடியாது.

கூடாரம் எங்கே அடிப்பது என்பதை முடிவு செய்தவை நிழலும் நீரும். ஊருக்கு ஓர் ஊரணி இருக்கும். கிணறுகளில் பாதி உப்பு. வேம்போ புளியோ நாலைந்து சேர்ந்து நிற்கும் இடம் பல ஊர்களுக்கு நடுவே ஒன்றுதான் இருக்கும். நல்ல தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் யார் அதை இறைத்துத் தருவது, எந்தத் துறையில் இறங்கி எடுப்பது என்ற கேள்விகள் உடனே எழும். கிணற்றங்கரை என்பது சாதியின் எல்லைக்கோடு. வெள்ளைக்காரரின் சமையல்காரர் எந்தச் சாதி, கூட வந்த உபதேசியார் எந்தச் சாதி என்பது தெரிந்த பிறகே ஊர் பதில் சொல்லும்.

அவர்களின் நாள் இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. விடியுமுன் எழுந்து ஜெபம். வெளிச்சம் வந்ததும் குதிரையிலோ நடந்தோ ஓரிரு ஊர்களுக்குப் பயணம். வெயில் ஏறுமுன் கூடாரத்துக்குத் திரும்புதல். பகல் முழுதும் கூடாரத்துக்குள். தமிழ்ப் பாடம், கடிதம், நாட்குறிப்பு, உபதேசிமாரோடு வேத வாசிப்பு. வெயில் தாழ்ந்தபின் மீண்டும் ஊர்கள், இருட்டியபின் திரும்புதல். சில நாள் கழித்துக் கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடம். ஒரு தடவை பார்த்த ஊருக்குச் சில மாதங்கள் கழித்துத் திரும்ப வருவது.

காகிதத்தில் இது ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் கரிசல் விவசாயியின் ஆண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் வெளிப்படும். மானாவாரி நிலம் இது. ஆடி, ஆவணியில் உழவு. புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முந்திய விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. கம்பும் சோளமும் தையில் களத்துக்கு வரும். பருத்தி எடுப்பு மாசியில் தொடங்கிச் சித்திரை வரை இழுக்கும். உழவுக் காலத்தில் விடியற்காலை ஊருக்குள் வருகிற போதகருக்குக் கிழவர்களும் குழந்தைகளும்தான் கிடைப்பார்கள்; ஆண்கள் கோழி கூவுமுன்னே ஏரோடு போயிருப்பார்கள். பருத்திக் காலத்தில் பெண்களும் காட்டில். மழைக்காலத்தில் போதகரே ஊருக்கு வந்து சேர முடியாது. ஆண்கள் சாவடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் காலம் என்பது வைகாசி, ஆனி மட்டுமே. அந்தக் காலத்தில்தான் நிழலற்ற காட்டில் ஒரு துணிக் கூடாரத்துக்குள் மனிதன் பகலைக் கழிப்பது மிகக் கடினம். ஊருக்கு ஓய்வு இருக்கும்போது கூடாரத்தில் தங்க முடியாது; கூடாரத்தில் தங்க முடிகிறபோது ஊருக்கு ஓய்வில்லை. ராக்லாந்து ஆண்டு முழுதும் கூடாரத்திலேயே வாழ்வதென்று முடிவெடுத்தது வெறும் பக்தி வைராக்கியம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடையிலும் அங்கே இருந்தால்தான் ஊரார் காதுகொடுக்கும் நேரம் கிடைக்கும். அதற்கான விலையை அவர் உடம்பு கொடுத்தது.

இந்த மண்ணுக்கு அவர் முதல் பாதிரியாரும் அல்ல. கோவில்பட்டிக்கு மேற்கே காமநாயக்கன்பட்டியில் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள் காலூன்றிவிட்டார்கள். வீரமாமுனிவர் 1710-களில் சில ஆண்டுகள் அங்கே பணி செய்தார். பரலோக மாதா கோயிலின் ஆகஸ்டு 15 திருவிழாவுக்கு இன்றும் இந்தப் பகுதி முழுதும் திரள்கிறது. அந்தக் குருக்களின் நாள் வேறு மாதிரி. காவி உடை, மரக்கறி உணவு, தமிழ்ப் பெயர், பாளையக்காரரின் தயவு, அது கெட்டால் சிறை. உள்ளூர்த் துறவியின் சாயலில் அவர்கள் வாழ்ந்தார்கள். ராக்லாந்தின் குழுவினர் ஆங்கிலேயராகவே வந்து, கம்பெனி ஆட்சியின் பாதுகாப்பில் ஊருக்குள் போனார்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு 55 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த நினைவு பசுமையாக இருந்த கிராமங்களில் வெள்ளைத் தோலோடு ஒருவர் குதிரையில் வந்து இறங்கினால் வரி விசாரிக்க வந்தவரா, வேதம் சொல்ல வந்தவரா என்று பிரித்தறிய ஊருக்கு நேரம் தேவைப்பட்டிருக்கும்.

மொழிச் சங்கடமும் இருந்தது. கரிசல் ஊர்களில் நாயக்கர்களும் ரெட்டியார்களும் அருந்ததியரும் வீட்டில் பேசுவது பெரும்பாலும் தெலுங்கு. கேம்பிரிட்ஜ் பட்டதாரி அரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்டு வந்த தமிழ், சாவடி வரைக்கும்தான் செல்லும். வீட்டுத் திண்ணையைத் தாண்டினால் வேறு பேச்சு. வேத மொழிபெயர்ப்பின் தமிழும் காட்டில் பேசுகிற தமிழும் ஒன்றல்ல என்பதும் சேர்ந்துகொண்டது. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் உபதேசிமார்.

இங்கேதான் வடநெல்லை ஊழியத்தின் மிகப் புதுமையான ஏற்பாடு வருகிறது. ராக்லாந்து தென்பகுதிச் சபைகளிடம் ஒரு கோரிக்கை வைத்தார். ஒவ்வொரு வட்டாரமும் தன் உபதேசிமாரை முறை வைத்து மாதக் கணக்கில் வடக்கே அனுப்ப வேண்டும்; அவர்கள் செலவை அந்தச் சபைகளே ஏற்க வேண்டும். சபைகள் ஒப்புக்கொண்டன. பனைத் தொழிலை நம்பி வாழ்ந்த மக்கள் காணிக்கை போட்டுத் தங்கள் ஆட்களை ஒரு மாதத்துக்கு அந்நிய மண்ணுக்கு அனுப்பினார்கள். அந்நிய மண் என்று சொல்வதில் மிகையில்லை. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வருகிற ஒருவருக்குக் கரிசலின் சாப்பாடு, தண்ணீர், பேச்சு, சாதிக் கட்டு எல்லாமே புதிது. தென்பகுதிச் சபைகளில் பெரும்பான்மையோர் நாடார்கள். ஊரில் தங்களுக்கென்று கோயிலும் பள்ளிக்கூடமும் எழுப்பித் தலை நிமிர்ந்து நடந்தவர், வடக்கே மறவர், நாயக்கர் ஊர்களின் சாவடி முன் நிற்கும்போது ஊர் அவருக்கு வேறு இடத்தைக் காட்டியது. வெள்ளைக்காரர் அவமதிக்கப்பட்டால் கலெக்டர் வரை செய்தி போகும். உபதேசியாருக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே அந்த ஒரு மாதத்தில் ஆபத்தின் பெரும் பங்கைச் சுமந்தவர் யார் என்று கேட்டால், விடை கூடாரத்துக்குள் இல்லை. அதற்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சோளச்சோறு பொங்கியவர்களிடம் இருக்கிறது.

1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் ராக்லாந்து இறந்தார். நுரையீரல் நோய் அவரை ஏற்கெனவே பல முறை படுக்கையில் தள்ளியிருந்தது. கடைசியில் இரத்தம் பீறிட்டுச் சில நிமிடங்களில் முடிந்தது. வயது 43. ஊழியம் நிற்கவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் என்ற நிலையம் எழுந்தது; பள்ளிக்கூடங்கள் வந்தன; கூடாரத்துக்குப் பதில் கட்டடம் நின்றது. அந்தப் பணியில் சில காலம் சேர்ந்து உழைத்த தமிழ்க் குரு டபிள்யூ. டி. சத்தியநாதன் பிற்பாடு சென்னைக்குப் போனார். அவர் மனைவி அன்னாள் சத்தியநாதன், 1830-இல் குருப்பட்டம் பெற்ற ஜான் தேவசகாயத்தின் மகள். அந்தக் குடும்பத்தின் மருமகள்தான் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய கிருபாபாய். தமிழ்க் கிறித்தவ அறிவுலகத்தின் ஒரு கிளை இந்தக் கரிசல் கூடாரங்களோடு தொட்டுக்கொண்டிருந்தது என்பது பலர் கவனிக்காத சங்கதி.

பலன் என்னவென்று கேட்டால், கூடாரப் பிரசங்கத்தால் வேதத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. திரளான மக்கள் சபைகளில் சேர்ந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும்தான். 1877-இல் ஆயரான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் பஞ்ச நிவாரணத்தையும் புதிதாக வந்தவர்களையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கரிசலில் மதம் மாறுவதற்குப் பின்னால் பசி மட்டுமல்ல, தெருவும் இருந்தது. கழுகுமலையில் தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமைக்கான தகராறில் நாடார்கள் பலர் கத்தோலிக்கத்தைத் தழுவினார்கள். 1895-இல் பங்குனி உத்திரத் தேரின்போது அது கலவரமாக வெடித்து உயிர்கள் போயின. ஒருவன் காலையில் வந்து சொன்ன நல்ல செய்தியைவிட, எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதே மக்களின் முடிவைத் தீர்மானித்தது. ராக்லாந்தின் நாட்குறிப்புகளை மட்டும் படிப்பவருக்கு இது தெரியாது.

ராக்லாந்து கூடாரத்தோடு தெற்கே இறங்கிய அதே காலத்தில் சென்னையில் இன்னொரு சபையின் மிஷனரிகளும் மூவராக வந்து தங்கியிருந்தார்கள். மார்மன்கள் என்று உலகம் அழைக்கிற பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை 1852-இல் யூட்டாவிலிருந்து பல நாடுகளுக்கு ஆட்களை அனுப்பியது. இந்தியாவுக்கென்று புறப்பட்டவர்களில் ரிச்சர்டு பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகியோர் கல்கத்தா வழியாக 1853 ஜூலையில் சென்னை வந்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த பாலன்டைன், சால்ட் லேக் நகரில் 1849-இல் தன் வீட்டிலேயே அந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். கையில் பணமின்றிப் போவது அவர்கள் கொள்கை. சோறும் இடமும் கேட்கிற இடத்தில் கிடைத்தால் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த சிப்பாய்களும் கலப்பினத்தவரும். தமிழ் ஊர்களுக்குள் அவர்கள் இறங்கவில்லை. பாலன்டைன் மறு ஆண்டே சென்னையை விட்டுப் போனார். சில ஆண்டுகளில் அந்த இந்திய முயற்சியே முடிந்தது. அவர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. கூடச் சென்று தமிழில் பேச ஓர் உபதேசியார் இல்லை என்பதே ராக்லாந்துக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சபை இன்று உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்ட முழுநேர மிஷனரிகளை வைத்திருக்கிறது. இந்தியாவில் 1993-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மிஷன் அமைந்தது. மிஷனரிகளில் மிகப் பலர் இருபதைக்கூட எட்டாதவர்கள். 2012-இல் சேரும் வயதை ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று குறைத்தார்கள். ஆணுக்கு இரண்டு ஆண்டு, பெண்ணுக்கு ஒன்றரை ஆண்டு. காலை 6.30-க்கு எழுந்து, உடற்பயிற்சி, வாசிப்பு, மொழிப் பாடம் முடித்து, பகலில் வெளியே போய், இரவு 10.30-க்கு விளக்கணைக்க வேண்டும். இடத்துக்கேற்றுக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். தனியே எங்கும் போகக் கூடாது. துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத வாரத்தில் ஒரு நாள். நெடுங்காலம் வீட்டோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு முறைதான் அனுமதி. 2019-இல்தான் வாரந்தோறும் பேசலாம் என்றானது. பதினெட்டு வயதுப் பிள்ளையை இப்படி அனுப்புகிற தாய்க்கு அந்த மாற்றம் எவ்வளவு பெரிது என்பது சொல்லாமலே விளங்கும். செலவில் பெரும் பகுதியைக் குடும்பமும் மிஷனரியின் சொந்தச் சேமிப்புமே ஏற்கின்றன.

இந்த நிரலைக் கரிசல் கூடாரத்தோடு ஒப்பிட்டால் ஒற்றுமை அதிகம்: இருவராகப் போதல், காலை வாசிப்பு, கதவு கதவாகத் தட்டுதல், பெரும்பாலோர் மறுத்துவிடுதல், இரவில் களைப்பு. வேறுபாடு ஒன்றே, ஆனால் அது ஆழமானது. அங்கே மணி தலைமையகத்தில் வகுக்கப்படுகிறது. கரிசலில் அதை வகுத்தது மழை. அதற்கு ஈடுகொடுக்கத் தெரிந்தவர், இந்த மண்ணில் ஏர் பிடித்தவர்களின் பேச்சு தெரிந்தவர்.

ஆகவே வடநெல்லை ஊழியத்தின் நீண்ட விளைவைக் கரிசலில் தேடுவதைவிடத் தெற்கே தேடுவது சரி என்பது என் முடிவு. ஒரு மாதத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, அவர் செலவை நாமே பார்ப்பது என்ற பழக்கம் பனங்காட்டுச் சபைகளில் ஊறியது அப்போதுதான். 1903 பிப்ரவரியில் வே. சா. அசரியா முதலியோர் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய ஆண்டு அசரியா யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் கடல் தாண்டித் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிவந்ததைக் கண்டு வந்திருந்தார். நெல்லைச் சங்கம் தன் ஆட்களை நிஜாம் நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பியது. வெள்ளைக்காரர் பணமும் தலைமையும் இன்றி, தமிழ்ச் சபைகளின் காணிக்கையில், தெலுங்கு மண்ணுக்குத் தமிழர் போனார்கள். நூல்கள் இதை அசரியாவின் தரிசனமாகக் காட்டுகின்றன. ஐம்பது ஆண்டு முன்பு மாதம் ஒருவரை வடக்கே அனுப்பிப் பழகிய சபைகள் இல்லாவிட்டால் அந்தத் தரிசனத்துக்குக் காசு போட ஆள் இருந்திருக்காது.

அந்தப் பழக்கம் இன்றும் ஓடுகிறது. தென் மாவட்டங்களின் இளைஞர்கள் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு போன்ற அமைப்புகளின் வழியே குஜராத்திலும் பிகாரிலும் மலைவாழ் மக்களிடையே வேலை செய்கிறார்கள். சோறு இல்லாத ஊரில் ரொட்டிக்குப் பழகுகிறார்கள். இந்தியோடு அந்தந்த மலை மக்களின் பேச்சையும் கற்கிறார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பல நாள் ஒரே குடியிருப்பில் அடைபடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டுமே என்று டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்ற விடுதிப் பள்ளி நடக்கிறது. அதே டோனாவூரில் இருந்துதான் எமி கார்மைக்கேல் 1922-இல் ராக்லாந்தின் வரலாற்றை எழுதினார். பெற்றோர் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், பிள்ளைகள் பொதிகை அடிவாரத்தில்.

ராக்லாந்தைப் பற்றி பெரோன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1861-இலேயே வந்துவிட்டது. மிஷனரிகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. உபதேசிமாரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அந்நாளைய மிஷன் நடைமுறை. மெய்ஞ்ஞானபுரத்திலிருந்தோ சுவிசேஷபுரத்திலிருந்தோ கிளம்பி, கோவில்பட்டிக் காட்டில் ஒரு மாதம் நடந்து, எந்த ஊரணியில் தண்ணீர் மறுக்கப்பட்டது, எந்தச் சாவடியில் உட்காரச் சொன்னார்கள் என்று தமிழில் குறித்து வைத்த ஒருவரின் தாள்களைத் தேடிப் பதிப்பிக்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி நாசரேத் திருமண்டலங்களின் பழைய சபைப் பெட்டிகளிலிருந்து அந்தத் தேடலைத் தொடங்கலாம்.